இருபத்தொன்றாம் படிக்கு மேல்

டெல்பின் வீட்டு மாடிப்படியில் ஒன்பதாம் படிக்கு மேல் மரம் முளைக்காது என்பது 2009-ஆம் ஆண்டு நிலவரம். மொத்தம் இருபத்தொரு படி. முதல் ஒன்பதில் சுவரோரமாக ஊசியிலை மரங்கள், கீழ்ப்படியில் ஆள் உயரத்துக்கும் ஒன்பதாம் படியில் சுண்டுவிரல் உயரத்துக்கும் நின்றன. பத்திலிருந்து பதினைந்து வரை புல்லும் பாசியும். அதற்கு மேல் வெறும் கல். பதினெட்டாம் படியிலிருந்து பனி தொடங்கி மொட்டை மாடி முழுவதும் முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது, சித்திரை வெயிலிலும். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயிலுக்கு வடக்கே மூன்றாவது தெரு, இடப்புறம் ஆறாவது வீடு. அதே நேரத்தில் ஏழாவது வீட்டு மாடியில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும்.

இது எப்படி வந்தது என்பதில் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. டெல்பினின் கணவர் பாஸ்கல் கப்பலில் போசனாக, அதாவது தளத்து ஆட்களை வேலை வாங்குகிறவராக, முப்பது வருடம் ஓடியவர். ஓய்வுபெற்று வந்து வீடு கட்டும்போது படிக்கட்டுக்கு உள்ளே நிரப்ப மண் தேவைப்பட்டது. அந்த வாரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெளிநாட்டு மரத்தடிகளை இறக்கிவிட்டுச் சரக்கறையைக் கூட்டிப் பெருக்கியது. மரப்பட்டை, அறுந்த வேர், கறுத்த மண் என்று ஒரு லாரி கொள்ளும் குப்பை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? பாஸ்கல் பார்க்கவில்லை. எந்த நாட்டு மலை, எவ்வளவு உயரத்து மண் என்று கேட்காமல் கொண்டுவந்து கொட்டி, மேலே செங்கல்லைப் பரப்பிவிட்டார். மூன்றாம் மாதம் செங்கல் இடுக்கில் மரம் எட்டிப் பார்த்தது, ஆறாம் மாதம் மாடியில் பனி விழுந்தது. ஊரார் பெரிதாக வியக்கவில்லை. ஊர்த்தாயே பனிமய மாதா. ஒவ்வொரு ஆடியிலும் பனியின் பெயரைச் சொல்லிக் கொடியேற்றுகிற ஊர் இது. ஒரு வீட்டு மாடியில் பனி விழுந்தால், இவ்வளவு காலம் கழித்தாவது வந்ததே என்றுதான் பேசிக்கொண்டார்கள். படியில் வடிகிற குளிர்ந்த தண்ணீரை அக்கம்பக்கத்தார் குடத்தில் பிடித்துப் போனார்கள். குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவுக்கு அது பெரிய உதவி.

2014-இல் ஜெப்ஸி வந்தாள். நாசரேத்துக்காரி, குடும்பமே வாத்தியார் குடும்பம், கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். மரத்தின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளைப் பற்றி ஆராய்கிறவள் என்று சொன்னார்கள். இதற்கெல்லாம் ஆராய்ச்சியா என்று டெல்பின் முதலில் சிரித்தாள். ஜெப்ஸி ஒரு தேக்கரண்டியோடு படிப்படியாகக் குந்தி உட்கார்ந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பையில் போட்டதைப் பார்த்து, கருவாடு காயப்போட மண் பார்க்கிற மாதிரி இருக்கு டீச்சர் என்று கேலியும் செய்தாள். ஆனால் ஜெப்ஸிதான் முதலில் கண்டுபிடித்தாள். மரம் அப்போது பத்தாம் படிக்கு ஏறியிருந்தது. பன்னிரண்டாம் படி மண்ணுக்குள் தலைமயிரைவிட மெல்லிய வெள்ளை நூல் ஓடியது. பூஞ்சை நூல் எப்போதும் மரத்துக்கு இரண்டு படி முன்னால் போகிறது. நூல் போகாத படியில் மரம் கால் வைப்பதில்லை. ஜெப்ஸி சுவரில் கரிக்கோடு போட்டுத் தேதி எழுதினாள். 2018-இல் மரம் பன்னிரண்டாம் படி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருவே குளமாகி, முதலிரண்டு படி மரங்கள் வேர் அழுகிச் செத்தன. மேலே மரம் பதினான்கில் நின்றது. அதற்குள் பனி படிகளை விட்டுவிட்டு மொட்டை மாடிக்குள் ஒதுங்கி, அங்கேயும் பாதியை இழந்திருந்தது.

மரம் ஏற ஏறப் பனி போகிறது, ஆகவே மரம்தான் பனியைத் துரத்துகிறது என்று தெரு முழுக்க முடிவு கட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனாலும் அந்த நாளில் அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம்.

பாஸ்கலுக்கும் டெல்பினுக்கும் ஒரே மகன், கிளைட்டன். அவனும் கப்பல்காரன். 2023 தொடக்கத்தில் பாஸ்கல் தனக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவனைப் பிடித்து அவனை ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார். கிளைட்டனுக்கு அந்தக் கப்பல் பிடிக்கவில்லை. கிழட்டுக் கப்பல் என்றான். அப்பா கேட்கவில்லை. நாலாம் மாதம் கப்பலின் முதலாளி காணாமல் போனான். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டபடி கப்பல் நின்றது. ஆள் இல்லாமல் கப்பலை விடக் கூடாது என்று துறைமுகச் சட்டம். மாற்று ஆள் வரும்வரை உள்ளே இருப்பவர் இறங்க முடியாது. மாற்று ஆளை அனுப்ப முதலாளி இல்லை. ஒன்பது பேர், மழைத்தண்ணீரும் அரிசியுமாக, மாதக்கணக்கில் கிடந்தார்கள். ஒருநாள் போனில் கிளைட்டன், “நீங்கதான் என்னை இங்கன கொண்டு தள்ளுனீங்க. இனி எங்கிட்டப் பேசாதீங்க” என்றான். பாஸ்கல் பேசவில்லை. மகனிடம் மட்டுமல்ல, யாரிடமும் அதிகம் பேசவில்லை. சாயங்காலம் ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியோடு மாடியேறி, பனியில் போட்டு உட்கார்ந்து, துறைமுகத்துக்கு அப்பால் நிற்கிற கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2024 மே பதினொன்றாம் தேதி அப்படி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டெல்பின் காப்பியோடு போனபோது மீசையில் பனி படிந்திருந்தது.

அடக்கத்துக்கு ஏற்பாடு நடக்கையில் கிளைட்டன் போனில் வந்தான். வெகுநேரம் அழுதான். பிறகு சொன்னான்: “ம்மா, நான் வாரவரைக்கும் அப்பாவ வச்சிரு. மொகத்தப் பாக்காம மண்ணு போட்டீங்கன்னா நான் இனி அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.”

கப்பல்காரக் குடும்பங்களில் இது புதிதல்ல. பிள்ளை வந்து முகம் பார்த்து முதல் பிடி மண் போடும்வரை பெட்டியை மூடுவதில்லை. இரண்டு நாள், மூன்று நாள் ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுப்பார்கள். ஆனால் இவன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. எந்த ஐஸ் பெட்டி அத்தனை நாள் தாங்கும்? அப்போதுதான் சிவபாலன் அண்ணாச்சி, “கீழ எதுக்கு மைனி ஐஸ் பெட்டி? மேல ஆண்டவன் குடுத்த ஐஸ் கம்பெனியே கெடக்கு” என்றார். சிவபாலன் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் ஐஸ் தயாரிக்கிற கம்பெனியில் மிஷின் பார்க்கிறவர், பாஸ்கலின் சீட்டாட்டக் கூட்டாளி. நாலு பேர் சேர்ந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பனி ஆழமாக இருந்த மூலையில் பாஸ்கலைக் கிடத்தினார்கள். கோயில் பங்குச் சாமியார் வந்து ஜெபித்தார். சுகாதார ஆள் வந்து பார்த்து, மூக்கை மூடவேண்டிய அவசியமில்லை என்று கண்டு, எதுவும் எழுதாமல் இறங்கிப் போனார். டெல்பின் தினமும் காலையில் மேலே போய்க் கணவரின் முகத்தில் விழுந்த ஊசியிலைகளைப் பொறுக்கி எறிந்தாள்.

பிறகு அவள் அளக்கத் தொடங்கினாள். மே கடைசியில் பனி பதினொரு பாய் விரிக்கிற அளவு. ஜூன் முதல் வாரம் ஒன்பது. ஜூன் பத்தாம் தேதி ஏழரை. வெயில் அந்த வருடம் மனிதரைப் பொரித்து எடுத்தது. கப்பலிலிருந்து வழக்கறிஞர், தூதரகம், அடுத்த வாரம் என்று செய்தி வந்தது. அடுத்த வாரமும் அதே செய்தி. டெல்பினுக்குச் சோறு இறங்கவில்லை. புருசன் போனது போய்விட்டது, பிள்ளையும் போய்விடுமோ என்கிற பயம் அவளை உட்காரவிடவில்லை. படியில் முளைத்த கன்றுகளைக் கண்டால் ஆத்திரம் வந்தது. பதினான்காம் படிக்கு மேல் தலைகாட்டிய ஒவ்வொன்றையும் பிடுங்கி எறிந்தாள். பிடுங்கிய இடத்தில் வெள்ளை நூல் இருக்கும். அதையும் நகத்தால் கீறி எடுத்தாள். பனி ஏழு பாய் ஆனது.

“இப்படிப் பிடுங்கி முடியாது மைனி” என்றார் சிவபாலன். “உப்பு போடணும். எங்க கம்பெனில உப்புத் தண்ணிக்குள்ளதான் டின்ன எறக்குதோம், அப்பதான் ஐஸ் கட்டியாவும். மேல பனிக்கும் குளிர் ஏறும், கீழ இந்தப் பூஞ்சையும் சாவும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

வேறு ஊர்க்காரர் யாராவது இருந்திருந்தால் யோசித்திருப்பார்கள். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு அது எல்லாவற்றுக்கும் மருந்து. மீன் கெடாமல் இருக்க உப்பு, மாங்காய் கெடாமல் இருக்க உப்பு. பனி மட்டும் ஏன் கெட வேண்டும்? ஜூன் பதினேழாம் தேதி காலை உப்பளத்திலிருந்து பன்னிரண்டு மூட்டைக் கல்லுப்பு வந்தது. பதினான்காம் படியிலிருந்து மேலே ஒவ்வொரு படியிலும் இறைத்தார்கள். மாடியில் பனியின் ஓரம் முழுக்க அணை மாதிரிக் கட்டினார்கள். டெல்பின் தன் கையாலேயே மூன்று மூட்டையைக் கொட்டினாள். முதல் அரைமணி நேரம் சில்லென்று ஒரு குளிர் எழும்பியது. சிவபாலன் வெற்றிச் சிரிப்போடு பீடி பற்றவைத்தார். மத்தியானத்துக்குள் படிக்கட்டில் ஓடை ஓடியது. உப்புத் தண்ணீர் தெருவில் இறங்கி, குடத்தோடு வந்தவர்களெல்லாம் வாயில் வைத்துத் துப்பினார்கள். சாயங்காலம் பனி மூன்று பாய்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். சிவபாலன் வீட்டுக்குப் போகாமல் கீழ்ப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பாஸ்கலின் இடது கை பனியிலிருந்து வெளியே தெரிந்தது. டெல்பின் சேலையைக் கழற்றிப் போர்த்தாத குறையாக, வீட்டிலிருந்த சாக்கு, போர்வை, தென்னந்தட்டி எல்லாம் கொண்டுவந்து நிழல் கட்டினாள். போன் செய்ததும் ஜெப்ஸி கல்லூரியிலிருந்து ஓடி வந்தாள். மேல்படிகளின் மண்ணைக் கரண்டியால் புரட்டினாள். நூலெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தது.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க ஆன்ட்டி” என்றாள். பிறகு கோபத்தை அடக்கிக்கொண்டு, முதல்முறையாக அந்தத் தெருவுக்கே புரிகிற மாதிரிச் சொன்னாள். “மரம் பனியத் தொரத்தல. வெக்கதான் தொரத்துது. மரம் பின்னால வருது, அவ்வளவுதான். பனி போன எடத்துக்கு மரம் சீக்கிரம் வந்துட்டா நிழல் கெடைக்கும். நிழல் இருந்தா மிச்சப் பனி கொஞ்ச நாள் தாங்கும். ஆனா நூல் முன்னால போயி மண்ணப் பழக்காம மரம் ஏறாது. நீங்க அந்த நூலக் கொன்னுட்டீங்க.”

“இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க டீச்சர்.”

“மூணாம் படியில நிக்குதே, அந்தப் பெரிய மரத்தடி மண்ணுல நூல் நெறைய இருக்கு. மேல உள்ள உப்பு மண்ண வழிச்சு எறிஞ்சிட்டு, இத அங்க கொண்டு வைக்கணும். வேகமா.”

“வேகமான்னா எத்தன நாள்ல மரம் வரும்?”

ஜெப்ஸி கரண்டியோடு மூன்றாம் படிக்கு இறங்கினாள். மலைகளில் அதற்கு ஐம்பது வருடம், நூறு வருடம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் டெல்பின் முட்டிபோட்டு வேலையில் இறங்கினாள். வயது ஐம்பத்தொன்பது, மூட்டில் தேய்மானம். உப்பு மண்ணைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிச் சாந்துச்சட்டியில் நிரப்ப, சிவபாலன் அதைச் சுமந்து கீழே கொட்டினார். பிறகு மூன்றாம் படி மண்ணைச் சிரட்டை சிரட்டையாக, நூல் அறுந்துவிடாமல், ஜெப்ஸி காட்டியபடி மேலே கொண்டுபோய்ப் பதித்தார்கள். நேற்றுவரை நகத்தால் கீறி எடுத்த பூஞ்சையை இன்று பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் தொட வேண்டியிருந்தது. தெருவிலிருந்து நல்ல தண்ணீர் வந்தது. பதினைந்து வருடமாக இந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்தவர்கள், உப்பை அலசிவிட ஆளுக்கு ஒரு குடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்பது நாள் நூல் அசையவில்லை. பனி இரண்டரைப் பாய் ஆனது. பத்தாம் நாள் காலை, பதினைந்தாம் படியில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது. அதைப் பார்த்து டெல்பின் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு நூல் நாளுக்கு ஒரு சாண் போனது. அதன் பின்னாலேயே மரம் வந்தது, அதுவும் வாரத்தில் இடுப்பளவு வளர்ந்தது. ஜெப்ஸி தன் குறிப்பேட்டில் இதை எழுதி, இரண்டு முறை அடித்து, மறுபடி எழுதினாள். மேலே கன்றுகள் தளிர்க்கத் தளிர்க்க, மூன்றாம் படிப் பெரிய மரம் ஊசிகளை உதிர்த்து மஞ்சளித்தது. பனை மரத்தில் தேள் கொட்டினால் தென்னை மரத்தில் நெறி கட்டியதாம் என்று பொருந்தாத பேச்சைக் கேலி செய்வோம். இங்கே அது நடந்தது. நூல் வழியாகப் பெரிய மரம் தன் சாரத்தைப் பதினெட்டாம் படிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. டெல்பின் போகிறபோதும் வருகிறபோதும் அந்த மரத்தின் அடியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜூலை இருபத்தாறு, கோயிலில் கொடியேற்றம். மரம் பத்தொன்பதாம் படி, பனி ஒன்றரைப் பாய். ஆகஸ்ட் ஐந்து, பெருவிழா. ஆதியில் இதே ஆகஸ்டில்தான் மாதா எங்கோ ஒரு குன்றில் பனி பெய்வித்தாள் என்பார்கள். அன்று தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பனி பெய்யவில்லை. மாதாவுக்கு அன்று கோயிலில் கூட்டம் அதிகம். ஆனால் அன்று சாயங்காலம் மரம் இருபத்தொன்றாம் படியைத் தாண்டி மொட்டை மாடிக்குள் கால் வைத்தது. நாலே நாளில் பாஸ்கலைச் சுற்றிப் பதினோரு மரங்கள் தோள் உயரத்துக்கு நின்றன. போட்டிருந்த சாக்கையும் தட்டியையும் டெல்பின் எடுத்துவிட்டாள். மரநிழலில் பனி கரைவது நின்றதாகச் சொல்ல முடியாது. மெதுவானது. மாடிக்கு மேல் படி இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

தூதரகம் ஒருவழியாக மாற்று ஆளை ஏற்றி விடுவித்ததும், கிளைட்டன் ஆகஸ்ட் பதினாறாம் தேதி மதுரையில் இறங்கி பஸ் பிடித்து வந்தான். அப்பா இறந்து தொண்ணூற்றேழாவது நாள். ஆள் பாதியாகியிருந்தான். வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டான், ஆனால் நிற்கவில்லை. ஒரு காட்டுக்குள் நுழைந்து ஏறுகிறவன் மாதிரிக் கிளைகளை விலக்கிக்கொண்டு இருபத்தொரு படியும் ஏறினான். பனி ஒரு தலையணை அளவு மிச்சமிருந்தது. முழுவதும் அவர் தலைக்கடியில். உடம்பின் மற்ற பகுதியை நூல் மெல்லிய வெள்ளைத் துணி மாதிரிப் போர்த்தியிருந்தது, அதற்குள்ளும் குளிர் இருந்தது. முகம் மே பதினொன்றாம் தேதி இருந்த அதே முகம். கிளைட்டன் பக்கத்தில் உட்கார்ந்தான். “நான் அன்னைக்குப் போன்ல சொன்னத மனசுல வச்சிக்கிடாதீங்கப்பா” என்றான். மீசையில் இருந்த பனி ஒரு சொட்டு விட்டது. அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான். பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினான் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் அடக்கம். தூக்குவதற்குமுன் ஜெப்ஸி நூலை அறுக்காமல் பிரித்தெடுத்து மண்ணில் விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் கிளைட்டன் முதல் பிடி மண் போட்டான், மூன்றாம் படி மண். வீடு திரும்பியபோது பனி இல்லை. மாடி முழுக்க மரம் மட்டும் நின்றது. ஏழாவது வீட்டு மாடியைப் போலவே அங்கேயும் வெக்கை அடித்தது.

அடக்கம் ஆகி முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று கிளைட்டனுக்கு வேறொரு கப்பலில் வேலை உறுதியானது. வேறு வேலை அவனுக்குத் தெரியாது. டெல்பின் தடுக்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “நீ கப்பல்ல கெடக்கையில எனக்கு ஒண்ணுன்னா என்னலே செய்வ? மேல பனியும் இல்லியே.”

கிளைட்டன் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டான். மறுநாள் மேஸ்திரியைக் கூட்டிவந்து, மாடியின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே போகிற மாதிரி மூன்று படி கட்டினான். எங்கேயும் போய்ச் சேராத மூன்று படி. உள்ளே மூன்றாம் படி மண்ணை நிரப்பினான். மாநகராட்சியிலிருந்து அளந்து பார்க்க வந்த அலுவலர் எதற்கான படி என்று கேட்டார். ஏறுவதற்கு என்றான் கிளைட்டன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். எட்டாம் நாள் காலையில் இருபத்துநான்காம் படியில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி கிடந்தது. அன்று மாலை அவன் கப்பலுக்குப் புறப்பட்டான்.

அடுத்த விடுமுறையில் இன்னும் மூன்று கட்டினான். இப்போது மொத்தம் இருபத்தேழு. தெருவுக்கு மேலே வானத்தில் முடிகிற அந்தப் படிக்கட்டைக் கடலிலிருந்து பார்க்கலாம். மீன்பிடித்துத் திரும்புகிறவர்கள் அதை அடையாளம் வைத்துக் கரை பிடிக்கிறார்கள். நூல் இருபத்துநான்கில் இருக்கிறது, மரம் இருபத்திரண்டில். ஜெப்ஸி மாதம் ஒருமுறை கரிக்கோடு போடுகிறாள். எத்தனை படிவரை கட்ட முடியும் என்று அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சிவபாலன் அந்த வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டில் உப்பு குறைவாக இருந்தாலும் கேட்டு வாங்குவதில்லை.

கிளைட்டன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிகிற நேரம் பார்த்துக் கப்பலிலிருந்து கூப்பிடுவான். மற்ற பிள்ளைகள் சாப்பிட்டியா என்று கேட்பார்கள். இவன் முதலில் கேட்பது வேறு. “ம்மா, மேல பனி இருக்கா?”

“இருலே, பாத்துச் சொல்லுதேன்.” டெல்பின் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, மரங்களைப் பிடித்துப் பிடித்து, நின்று நின்று இருபத்தேழு படியும் ஏறுவாள். அவன் அதுவரை போனை வைக்காமல் அவள் மூச்சிரைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான். உச்சியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: “இருக்கு மக்கா. ஒரு கை அளவு இருக்கு. நீ பையவே வா.”